டிஸ்க் தட்டை எப்போது மாற்றுவது?

மருதமுனை தொடங்கி அக்கரைப்பற்று வரை, டிஸ்க் பிரேக் பூட்டிய மௌண்டன் சைக்கிள்களில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் ரியூசனுக்கும் போகிறார்கள். அந்தத் தட்டைப் பற்றி நாலு பேரிடம் கேட்டால் நாலு கதை வரும். நல்ல தட்டு குப்பைக்குப் போவதும், தேய்ந்த தட்டில் பிள்ளை ஓடுவதும் அந்தக் கதைகளால்தான்.

நம்பிக்கை: பிரேக் பிடிக்கும் வரை தட்டில் குறையில்லை.
உண்மை: ஹைட்ரோலிக் பிரேக்கில் தட்டும் பேடும் தேயத் தேய, பிஸ்டன் தானாக முன்னுக்கு வந்து இடைவெளியை நிரப்பிவிடும். அதனால் தேய்மானம் கைக்குத் தெரியாது. அளந்துதான் பார்க்க வேண்டும். ஷிமானோவின் புதிய தட்டு 1.8 மில்லிமீற்றர் தடிப்பு, 1.5க்கு இறங்கினால் மாற்ற வேண்டும். மற்றக் கம்பனிகளின் எல்லை வேறுபடும். பெரும்பாலும் அது தட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பேட் உரசும் வளையத்தை மைக்ரோமீற்றரால் மூன்று நான்கு இடங்களில் அளந்து, ஆகக் குறைந்ததையே கணக்கில் எடுங்கள். கருவி இல்லையா? சக்கரம் நின்று தட்டு ஆறியபின், உள்ளே உள்ள ஆரத்திலிருந்து வளையத்துக்கு நகத்தை ஓட்டுங்கள். படிபோல இடறினால் அளக்கும் நேரம் வந்துவிட்டது.

நம்பிக்கை: கீச்சிட்டால் தட்டு முடிந்தது; கொஞ்சம் எண்ணெய் விட்டால் சரிவரும்.
உண்மை: கீச்சொலிக்கு அடிக்கடி காரணம் தட்டிலோ பேடிலோ படிந்த எண்ணெயும் அழுக்கும்தான். எண்ணெய் விட்டால் சத்தம் அடங்கலாம், பிரேக்கும் சேர்ந்து அடங்கிவிடும். மண்ணெண்ணெயும் பிசுக்கை விட்டுச்செல்லும். சுத்தமான ஐசோப்ரோப்பைல் அல்கஹோலைத் துணியில் நனைத்துத் தட்டைத் துடையுங்கள். எண்ணெய் ஊறிய பேடை மாற்றிவிடுங்கள்.

நம்பிக்கை: உப்புக்காற்றில் துரு பிடித்தால் தட்டை எறிய வேண்டும்.
உண்மை: மேலோட்டமான துரு சில தடவை பிரேக் பிடிக்கவே உரசிப் போய்விடும். கடற்கரையில் ஓடினால் நல்ல தண்ணீரால் கழுவி உலரவிடுங்கள். மணல்தான் பெரிய எதிரி: பேடில் ஒட்டிக்கொண்டு தட்டை அரைக்கும். ஆழமான குழி, வெடிப்பு கண்டால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

நம்பிக்கை: தட்டு உரசினால் புதிது வாங்க வேண்டும்.
உண்மை: முதலில் பேடுகளைத் தாங்கும் கலிப்பர் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். இலேசான வளைவைத் தெரிந்த பாஸ் நிமிர்த்திவிடுவார்.

நம்பிக்கை: நம்ம ஊர் சமதரை, மெல்லிசானாலும் ஓடும்.
உண்மை: கல்முனை வீதியில் தட்டு அவ்வளவாகச் சூடேறாது என்பது சரி. ஆனால் மெல்லிய இரும்பு வெப்பத்தைத் தாங்காது. சீக்கிரம் நெளியும், வெடிக்கவும் கூடும். நண்பர்களோடு எல்லவிலிருந்து வெல்லவாய இறக்கத்தில் வரும்போது அதைச் சோதித்துப் பார்க்க முடியாது.

ஒவ்வொரு தடவையும் பேட் மாற்றும்போது தட்டையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். எல்லைக்கு மேலே இருந்தால் காசு மிச்சம். கீழே இறங்கியிருந்தால் அன்றே மாற்றுங்கள். பிள்ளையின் சைக்கிள் என்றால் நாளைக்கு என்று தள்ளிப்போடவே வேண்டாம்.