புறக்கோட்டையில் ஒரு முற்பகல்

பழைமை வாய்ந்த இடமொன்றை நேரில் பார்த்து எழுதும்படி எமது வரலாற்று ஆசிரியை பணித்திருந்தார். நான் புறக்கோட்டையைத் தெரிவு செய்தேன். உம்மாவின் வாப்பாவை நாங்கள் ‘அப்பா’ என்போம். அவரே துணைக்கு வந்தார். கொலன்னாவையில் பஸ் ஏறி, தெமட்டகொடை, மருதானை வழியாகப் போய் இறங்கினோம்.

கோட்டைக்குப் புறத்தே இருப்பதால் புறக்கோட்டை. சிங்களத்தில் ‘பிட்டகொட்டுவ’ என்பதற்கும் அதே பொருள்தான். ஆங்கிலேயர் வழங்கிய ‘பெட்டா’ எங்கள் ‘பேட்டை’ என்ற சொல்லின் திரிபு. ஒல்லாந்தர் காலத்தில் இது குடியிருப்புப் பகுதி. அவர்களது தேசாதிபதி ஒருவர் வாழ்ந்த வீடு இன்று பிறின்ஸ் வீதியில் நூதனசாலையாக உள்ளது.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சம்மாங்கோட்டார் பள்ளிவாசல் சிவப்பும் வெள்ளையுமாக எழுந்து நின்றது. தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடித்தது. வடிவமைத்த ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை, கட்டடக்கலை கற்றவர் அல்லர்.

“இதோட எழுதி முடிங்க மகள், வீட்ட போவம்” என்றார் அப்பா. நான்தான் நான்காம் குறுக்குத் தெருவையும் பார்க்க வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தேன்.

அங்கே அரிசி, சீனி, பருப்பு, வெங்காயம் எல்லாம் மொத்த வியாபாரம். செத்தல் மிளகாய் நெடியில் தும்மித் தீர்த்தேன். லொறிகளுக்கும் கடைகளுக்கும் இடையே நாட்டாமிகள் மூட்டை சுமந்து ஓடினார்கள். தமிழ்நாட்டில் நாட்டாமை என்றால் ஊர்ப் பெரியவர். இங்கே நாட்டாமி என்றால் மூட்டை தூக்குபவர். சிங்களவரும் அப்படியே சொல்கிறார்கள். ஒரு மூட்டை 50 கிலோ.

கடையொன்றிலிருந்து வயதான முதலாளி ஒருவர் எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “இவர் தூக்கின மூட்டையிலதான் இந்தக் கடை எழும்பினது” என்று என்னிடம் சொன்னார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நானும்தான். அப்பா அரிசிக்கடை வைத்திருந்தார் என்றல்லவா தோழிகளிடம் சொல்லி வந்திருக்கிறேன்!

இரவு இக்கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். முதலாளி வரும் இடத்தை வெட்டச் சொல்வார் என்று நினைத்தேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

“அம்பது கிலோ இப்பதான். எங்கட காலத்துல சீனி மூட்டை நூறு. அதையும் எழுதுங்க” என்றார்.