பிரித்தால் பொருள், கலந்தால் குப்பை



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை கிடைத்ததும் பல குடும்பங்கள் ஊரை விட்டு வந்து வாடகை லைன் வீடுகளில் குடியேறுகின்றன. ஒரே வரிசையில் பத்து வீடு, பொதுக் குழாய், பொதுக் குப்பைத் தொட்டி. கிராமத்து வீட்டில் எருக்குழி இருந்தது. சாணமும் சருகும் காய்கறித் தோலும் அதில் விழுந்து வயலுக்கு எருவாகப் போயின. லைன் வீட்டில் அது இல்லை. பத்து வீட்டுக் குப்பையும் ஒரே தொட்டியில் கலக்கிறது. நிறைந்ததும் யாராவது கொளுத்தி விடுகிறார்கள். எல்லாருக்கும் பொது என்றால் யாருக்கும் பொறுப்பில்லை என்றாகிவிடுகிறது.

ஒரு வீட்டில் நடந்த பேச்சைக் கேளுங்கள்.

மனைவி: என்னங்க, பின்னாடி மறுபடியும் தொட்டிய கொளுத்திட்டாங்க. சின்னவன் இருமிக்கிட்டே இருக்கான்.

கணவர்: கிடந்து நாறுறதுக்கு எரிச்சிட்டா தேவலைதானே?

மனைவி: நர்சம்மா அப்படிச் சொல்லலையே. எனக்கு இப்ப அஞ்சு மாசம். பிளாஸ்டிக் புகை வயித்துல இருக்கிற பிள்ளைக்கும் ஆகாதுன்னாங்க.

கணவர்: அப்ப குப்பையை எங்கதான் போடுறது?

நியாயமான கேள்விதான். எரித்தால் குப்பை மறைவதில்லை. புகையாக மாறி நம் மூச்சுக்குள்ளேயே வருகிறது. பி.வி.சி. குழாய், ஒயர் உறை போன்றவை எரியும்போது டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டாகிறது. அதற்காக எரிக்காமல் குவித்து வைத்தாலும் ஆபத்துதான். தேங்காய் ஓடு, பழைய டயர், டீ கப் ஆகியவற்றில் தேங்கும் மழைநீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். ஆகவே வாரம் ஒருமுறையாவது இவற்றைக் கவிழ்த்து அப்புறப்படுத்துங்கள்.

சரி, எப்படிப் பிரிப்பது? அடுப்படியிலேயே தொடங்குங்கள்.

1. ஈரக் குப்பை: காய்கறித் தோல், மீந்த சோறு, டீத்தூள், வாடிய பூ. அடியிலும் பக்கத்திலும் துளையிட்ட மூடியுள்ள டிரம் ஒன்றில் போடுங்கள். ஒவ்வொரு நாளும் மேலே ஒரு கை மண்ணும் சருகும் தூவுங்கள். வாரம் ஒருமுறை கிளறுங்கள். நிறைந்த டிரம்மை ஏறக்குறைய இரண்டு மாதம் விட்டுவைத்தால் எரு தயார். முருங்கைக்கும் கீரைப் பாத்திக்கும் போடலாம்.

2. உலர் குப்பை: காகிதம், அட்டை, பாட்டில், தகரம். நனையாமல் ஒரு சாக்கில் சேருங்கள். பால் கவரைக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள்.

3. நாப்கின், டயப்பர்: காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். தூய்மைக் காவலர் அதை வெறுங்கையால் பிரிக்க வைக்காதீர்கள். அவரும் ஒரு குடும்பத்துக்காரர்தான்.

4. ஆபத்தானவை: டியூப் லைட், மருந்து, ஊசி, பேட்டரி. இவற்றைத் தனியே வையுங்கள். பழைய இன்வெர்ட்டர், வண்டி பேட்டரியை உடைக்கவோ உருக்கவோ வேண்டாம். அதிலுள்ள ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தாயின் எலும்பில் தங்கிய ஈயம் கர்ப்ப காலத்தில் சிசுவுக்கும் போய்ச் சேரும். புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். வீட்டுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ ஈரக் குப்பை என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வீட்டுக்கு 5 கிலோ, மாதத்துக்கு 150 கிலோ. இது எருவாகிவிட்டால் தொட்டியில் ஈயும் நாற்றமும் குறையும். ஈரம் படாத காகிதத்தையும் அட்டையையும் காயலான் கடைக்காரர் காசு கொடுத்து எடுப்பார். சாம்பார் படிந்த அட்டையை யார் வாங்குவார்?

இதை ஒரு வீடு மட்டும் செய்தால் போதாது. பத்துக் குடும்பமும் சேர்ந்து வீட்டுக்காரரிடம் மூடியுள்ள டிரம்கள் கேளுங்கள். வாரத்துக்கு ஒரு வீடு முறை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். உலர் குப்பை விற்ற காசில் பினாயிலும் துடைப்பமும் வாங்கலாம். இந்த வேலை பெண்களுக்கு மட்டும் என்று ஆண்கள் ஒதுங்கக் கூடாது. குப்பையைப் பிரித்துத் தர வேண்டும், கொளுத்தக் கூடாது என்று 2016-ம் ஆண்டிலேயே மத்திய அரசின் விதிகள் சொல்லிவிட்டன.

குப்பை சேராமலே பார்த்துக்கொள்வது அதைவிட மேல். ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 1-1-2019 முதல் தடை செய்தது. 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கமும் தொடங்கியது. கடைக்குப் போனால் துணிப்பை, ஷிப்டுக்குப் போனால் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். சூடான டீயைப் பிளாஸ்டிக் பையில் வாங்காமல் தூக்கு கொண்டு போங்கள்.

கணவர்: ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரர்கிட்ட பேசுறேன். டிரம்முல துளை நானே போட்டுத் தரேன்.

மனைவி: மொத வாரம் நம்ம வீட்டு முறைன்னு சொல்லிடுங்க.

பிரித்துப் போடுவோம்! எரிப்பதை நிறுத்துவோம்! பிள்ளைகளுக்கு நல்ல காற்றைக் கொடுப்போம்!