கடலுக்கு ஒரு சட்டம்

நிலவுலகின் பரப்பில் நூற்றுக்கு எழுபது பங்கு கடலாகும். அக்கடலின் மீது யாருக்கு என்ன உரிமை உண்டு? இவ்வினாவிற்கு விடை காண, 1973 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஐக்கிய நாடுகளின் மூன்றாவது கடற்சட்ட மாநாடு நியூயார்க் நகரில் தொடங்கிற்று. இலங்கையைச் சேர்ந்த ஹாமில்டன் ஷர்லி அமரசிங்க அதன் தலைவராக விளங்கினார்.

கூடிய நாடுகளின் நோக்கங்கள் வேறு வேறாக இருந்தன. கரையோர நாடுகள் தம் மீன்வளத்தைப் பிறர் வாரிச் செல்லாமற் காக்க விரும்பின. கப்பற்படை மிக்க வல்லரசுகள், ஜலசந்திகளின் வழியே தம் கலங்கள் தடையின்றிச் செல்லுதல் வேண்டும் என்றன. நேபாளம் போன்ற கடற்கரையில்லா நாடுகள் கடலை அடைய வழி வேண்டின.

வாக்கெடுத்து முடிவு செய்தல் எளிது. ஆனால், ஓர் ஒப்பந்தம் தன்னை ஏற்றுக்கொண்ட நாட்டையே கட்டுப்படுத்தும். தோற்ற நாடுகள் விலகி நின்றால், சட்டம் ஏட்டில் இருக்குமேயன்றிக் கடலில் இராது. ஆதலின், 1974 இல் காரகாஸ் நகரில் கூடியபோது மாநாட்டினர் ஒரு நெறியை வகுத்துக்கொண்டனர். பொதுவிணக்கம் காணும் முயற்சிகள் யாவும் தீர்ந்த பின்னரே வாக்கெடுத்தல் வேண்டும். அப்பொழுதும் தலைவர் பத்து நாள் வரை அதனைத் தள்ளிவைக்கலாம்.

பொதுவிணக்கம் என்பது அனைவரும் ஒரே கருத்தினர் ஆதல் அன்று; முடிவை முறையாக மறுத்து எழுவார் எவரும் இலராதலே ஆகும். அதனைக் கண்டறிவது எவ்வாறு? 1975 இல் குழுத்தலைவர்கள் பேச்சுக்கு அடிப்படையாக ஒரு வரைவை எழுதினர். எழுதுகோல் ஏந்தியவர் தம் விருப்பத்தையே எழுதிவிடக்கூடுமன்றோ? அதனைத் தடுக்க 1978 இல் மற்றொரு விதி பிறந்தது. தலைவரேயாயினும் தனியொருவர் வரைவைத் திருத்துதல் ஆகாது. திருத்தம் பேச்சின் விளைவாக எழுதல் வேண்டும். அன்றேல், பேரவையில் பரந்த ஆதரவு பெற்று, இணக்கத்தை மேலும் நெருங்கச் செய்வதாகக் காணப்படுதல் வேண்டும்.

இவ்வாறு, கொண்டும் கொடுத்தும் உடன்பாடுகள் உருவாயின. கரையோர நாட்டிற்கு 12 கடல் மைல் வரை ஆட்சியுரிமையும், 200 கடல் மைல் வரை வளங்களின் மீது உரிமையும் கிடைத்தன. பிற நாட்டுக் கப்பல்கள் ஜலசந்திகளின் வழியே செல்லும் உரிமையும் காக்கப்பெற்றது.

1980 இல் அமரசிங்க மறைந்தார். சிங்கப்பூரைச் சேர்ந்த டாமி கோ தலைமை ஏற்றார். ஆழ்கடலின் அடியில் உள்ள உலோகக் கட்டிகளைப் பற்றிய பகுதியில் பிணக்குத் தீரவில்லை. 1982 ஏப்ரல் 30 ஆம் நாள், அமெரிக்கா கேட்டதற்கிணங்க வாக்கெடுக்கப்பெற்றது. 130 நாடுகள் ஆதரித்தன. 4 நாடுகள் எதிர்த்தன. 17 நாடுகள் நடுநிலை வகித்தன.

வெற்றி பெரிதே. எனினும் தொழில்வளம் மிக்க நாடுகள் பல சேராது நின்றன. வென்றோம் என்று மற்றையோர் வாளாவிருந்தாரல்லர். மீண்டும் பேசி, 1994 இல் அப்பகுதியை மாற்றும் உடன்பாடு கண்டனர். அவ்வாண்டு நவம்பர் 16 ஆம் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. முன்பு நடுநிலை வகித்த ஜெர்மனியும் பிரிட்டனும் ரஷ்யாவும் பின்னர்ச் சேர்ந்தன. அமெரிக்கா இன்னும் சேரவில்லை. ஆயினும் 160-க்கும் மேற்பட்ட நாடுகள் இன்று அச்சட்டத்தை ஏற்றுள்ளன.

கைகளை எண்ணுதல் ஒரு நாழிகைப் பணி. மனங்களை இணக்குதல் பல்லாண்டுப் பணி. பலர் கூடி வாழும் இடத்தில் நிலைத்து நிற்பது பின்னதே ஆகும்.