வீட்டு மரக்கறித் தோட்டம்: நீருக்கு ஏற்ற நிலம்

காலபோக நெல் வீடு வந்து சேர்ந்த பின்னரும் கறிக்கு வேண்டிய கத்தரிக்காயையும் கீரையையும் சந்தையில் விலைக்கு வாங்கும் கமக்காரர் பலர். மரக்கறி விலை ஏறும்போது முதலில் குறைவது பிள்ளைகளின் கோப்பையில் இடப்படும் கறியே. இதனை இந்நாட்டு மக்கள் அண்மையில் நேரிற் கண்டனர். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை விலக்கப்பட்டது. 2022இல் அந்நியச் செலாவணி முடையால் எரிபொருள் கிடைப்பது அரிதாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தமையால், இறைப்பு இயந்திரத்தை நம்பிய தோட்டக்காரர் பெரிதும் இடருற்றனர்.

அவ்வாண்டு ஜூனில், அரச ஊழியர் வீட்டுத் தோட்டம் செய்தற்பொருட்டு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அமைச்சரவை அங்கீகரித்தது. நோக்கம் நன்றே. ஆயினும் வட பகுதியில் ஆனி மாதம் சோளகக் காற்று வீசும் வரட்சிக் காலம். அப்பருவத்திற் புதிதாகத் தோட்டம் தொடங்குபவர் முதல்நாள் தொட்டே நீருக்காகப் போராட நேரிடும். ஆதலால் உலர் வலயத்தில் வீட்டுத் தோட்டம் தொடங்க விரும்புவோர், எவ்வளவு நிலம் உண்டு என்பதை ஆராயுமுன் எவ்வளவு நீர் உண்டு என்பதை ஆராய்தல் வேண்டும்.

1. நீரை அளந்து நிலத்தைத் தீர்மானித்தல்

காற்றும் வெயிலும் மிகுந்த நாளில் பயிர் நிற்கும் நிலம் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீரை இழக்கும். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் நீர் என்பது ஒரு லீற்றராகும். எனவே சதுர மீற்றர் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் நீர் வேண்டும்.

மேட்டு நிலப் பரப்பு ஒன்று 10 பேர்ச். அதாவது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். இதற்கு நாள்தோறும் வேண்டிய நீர் 1,250 லீற்றருக்கு மேற்படும். 10 லீற்றர் கொள்ளும் வாளியால் அள்ளுவதாயின் 125 வாளி. இவ்வேலையை எந்தக் குடும்பமும் கையால் நெடுநாள் செய்ய முடியாது. வீட்டில் இச்சுமை பெரும்பாலும் பெண்கள்மேல் விழுவதும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஆனால் 5 மீற்றர் நீளமும் 1 மீற்றர் அகலமும் உள்ள இரண்டு பாத்திகளுக்கு 5 வாளி நீர் போதும். அரிசியும் மரக்கறியும் கழுவிய நீர் இரண்டு மூன்று வாளியேனும் கிடைக்கும் வீட்டில் கிணற்றிலிருந்து அள்ள வேண்டியது இன்னுங் குறையும். முதலாண்டில் இவ்விரண்டு பாத்திகளுடன் அமைதல் நன்று.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறையில் ஊறிய மழைநீர், கடலிலிருந்து உட்புகுந்த உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கிணற்றை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழுள்ள உவர்நீர் மேலெழும். அக்கிணற்று நீரையே குடும்பம் குடிக்கவும் வேண்டும். ஆதலால் கிணற்றின் வலுவை அறிதல் அவசியம். நீர் மிகத் தாழும் ஆவணி, புரட்டாதி மாதங்களில், நீர் அள்ளுமுன் கயிற்றை இறக்கி நீர்மட்டத்திற்கு நேராக ஒரு முடிச்சு இடுதல் வேண்டும். மறுநாட் காலையில் நீர் அம்முடிச்சுக்குத் திரும்பாவிடின், எடுத்த நீர் அளவுக்கு மிஞ்சியதெனக் கொள்ளலாம்.

2. இடமும் காலமும்

நாளொன்றில் ஆறு மணித்தியாலமேனும் வெயில் படும் இடமே மரக்கறிக்கு ஏற்றது. தென்னை, வேம்பு முதலிய மரங்களின் வேர் செல்லும் எல்லைக்குள் பாத்தி அமைத்தால், இட்ட நீரையும் பசளையையும் மரமே உண்டுவிடும். பாத்தி அடுக்களையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருத்தல் நன்று. நாள்தோறும் பார்வையிடப்படும் பயிரில் நோயும் பீடையும் விரைவிற் புலப்படும். சவர்க்காரம் கலந்த நீரை வாழைக்கு விடலாம், கீரைக்கு விடலாகாது.

புரட்டாதியில் நிலத்தைப் பண்படுத்தி, ஐப்பசி மழையுடன் கீரையும் வெண்டியும் விதைக்கலாம். கார்த்திகையில் மேடான பாத்தியில் கூரையிட்டுக் கத்தரி, மிளகாய் நாற்றுக்களை உண்டாக்கி, பெருமழை தணிந்தபின் மார்கழியில் நடலாம். இவ்வாறு செய்யின், பயிர் காய்க்கும் தை முதல் பங்குனி வரையான காலத்தில் கிணறு நிறைந்திருக்கும். காலபோக அறுவடையின் வைக்கோலும் அக்காலத்திலேயே கைக்கு வரும்.

3. மண்ணைப் பண்படுத்தல்

மண்ணை 30 சதமமீற்றர் ஆழத்திற்குக் கொத்திக் கல்லையும் வேரையும் நீக்குதல் வேண்டும். பின்னர் சதுர மீற்றருக்கு 1 கிலோகிராம் வீதம், நன்கு உக்கிய மாட்டெருவை அல்லது கூட்டெருவை மேல்மண்ணுடன் கலத்தல் வேண்டும். உக்கிய எரு கையிற் பிடிக்கும்போது சூடாயிராது, நாற்றம் வீசாது, முதலிற் போட்ட பொருள் இன்னதென அடையாளந் தெரியாது. பச்சை எரு வேரைச் சுடுவதுடன் கறையானையும் களைவிதைகளையும் கொண்டுவரும். பூவரசு, கிளிசிரிடியா முதலியவற்றின் குழையையும் பனையோலையையும் மண்ணில் தாழ்த்துதல் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரின் பழைய வழக்கம். அது மண் நீரைப் பிடித்துவைக்கும் ஆற்றலை வளர்க்கின்றது.

எருக்குவியலும் மாட்டுக் கொட்டிலும் கிணற்றுக்கு எட்டத்திலும் தாழ்ந்த பக்கத்திலும் இருத்தல் வேண்டும். எருவும் யூரியாவும் பயிர் உறிஞ்சும் அளவுக்கு மேற்படின், எஞ்சியது நைத்திரேற்றாகச் சுண்ணக்கல் வழியே கிணற்றை அடையும். குடிநீர் லீற்றர் ஒன்றில் நைத்திரேற்று 50 மில்லிகிராமை விஞ்சலாகாதென உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் இவ்வளவு தாண்டியமை ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தைக்கு இந்நீர் உயிராபத்தை விளைவிக்கக்கூடும். கொதிக்கவைப்பதால் நைத்திரேற்று நீங்காது.

4. நாற்றுமேடை

நாற்றுமேடையில் வைக்கோலையும் உமியையும் மாறிமாறிப் பரப்பி எரித்தால், இளநாற்றை அழுகச் செய்யும் பங்கசும் களைவிதையும் பெரிதும் அழியும். சாம்பல் ஆறியபின் விதையை வரிசையாக இடுதல் வேண்டும். நாலு வாரம் சென்ற நாற்று நடத்தக்கது. நடுவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே நீரைக் குறைத்து நாற்றை வன்மைப்படுத்தி, மாலை வேளையில் நட்டு, மூன்று நாலு நாள் குழையால் நிழல் கொடுத்தல் வேண்டும்.

திருநெல்வேலி ஊதா என்னும் கத்தரி, எம்.ஐ. 2 என்னும் மிளகாய் ஆகியவற்றின் விதையை நல்ல செடியில் முற்றிய காயிலிருந்து எடுத்து அடுத்த போகத்திற்கு வைக்கலாம். கலப்பின விதையிலிருந்து உண்டான காயில் எடுத்த விதை தாய்ச்செடியை ஒத்த பயிரைத் தராது.

5. இரண்டு பாத்திகளின் பயிர் ஒழுங்கு

முதற் பாத்தியில் 3 மீற்றர் நீளத்தில் 5 கத்தரியும், எஞ்சிய 2 மீற்றரில் 8 மிளகாயும் நடலாம். இரண்டாம் பாத்தியில் 2 மீற்றரில் 6 வெண்டி போதும். எஞ்சிய 3 மீற்றரை மூன்று பங்காக்கிப் பத்து நாளுக்கு ஒரு பங்காக முளைக்கீரை விதைத்தல் வேண்டும். முழுவதையும் ஒரே நாளில் விதைத்தால் ஒரு வாரம் மிகுதியும் மறுவாரம் இல்லாமையும் ஏற்படும். பாத்தியின் வடக்கு ஓரத்தில் பந்தலிட்டுப் பயிற்றையைப் படரவிட்டால், தை, மாசி மாத வெயிலை அது மறைக்காது.

முளைக்கீரை மூன்று நாலு வாரத்திற் பறிக்கலாம். வெண்டியும் பயிற்றையும் ஏறத்தாழ ஐம்பது நாளில் காய்க்கும். கத்தரி நட்டு இரண்டு மாதத்திற்கு மேலும், மிளகாய் இன்னுஞ் சற்றுக் கூடிய காலமும் எடுக்கும். முதல் மாதத்திற் கிடைக்கும் கீரை, தொடங்கியவரின் ஊக்கம் தளராமற் காக்கும்.

6. நீரூற்றலும் மூடுபடையும்

அதிகாலையிலோ மாலையிலோ நீரூற்றுதல் வேண்டும். நாள்தோறும் மேல்மண்ணை மட்டும் நனைத்தால் வேர் மேலேயே நின்று வெயிலில் வாடும். பயிர் வேரூன்றியபின், இரண்டு நாள் நீரை ஒருமித்து ஆழமாக ஊற்றுதல் நன்று. விரலை மண்ணில் விட்டுப் பார்க்கும்போது இரண்டு விரற்கட்டை ஆழத்தில் ஈரம் இருப்பின் அன்று நீர் வேண்டியதில்லை.

தை, மாசியில் கிடைக்கும் வைக்கோலை 5 சதமமீற்றர் தடிப்பில் பாத்தியின்மேற் பரப்பினால் மண்ணின் ஈரம் காற்றிற் போகாது, களையும் குறையும். வைக்கோல் தண்டை முட்டாதிருத்தல் வேண்டும். அதனை மண்ணுட் கொத்திக் கலத்தலாகாது. உக்கும்போது மண்ணிலுள்ள நைதரசனை அதுவே எடுத்துக்கொள்வதால் பயிர் மஞ்சளிக்கும்.

7. நோயும் பீடையும்

கத்தரியின் நுனித்தளிர் வாடித் தொங்கினால் உள்ளே துளைக்கும் புழு உண்டு. வாடிய பகுதிக்குக் கீழே வெட்டி எரித்தால் அப்புழு காய்க்கு வராது. இலை பச்சையாயிருக்கச் செடி முழுவதும் திடீரென வாடுமாயின், தண்டை வெட்டித் தெளிந்த நீரில் நிறுத்திப் பார்த்தல் வேண்டும். பால்போன்ற நூல் வடியின் அது பற்றீரியா வாடல். அச்செடியை வேரோடு பிடுங்கி எரித்து, அவ்விடத்தில் கத்தரி, மிளகாய், தக்காளி ஆகிய ஒரே குடும்பப் பயிர்களை மீண்டும் நடாது விடுதல் வேண்டும். வெண்டியின் இலை நரம்பு மஞ்சளித்தால் உடனே பிடுங்குதல் வேண்டும். அந்நோயை வெண்ணிற ஈ பரப்புகின்றது.

8. விரிவாக்குதல்

ஒரு போகம் முடிந்ததும், அந்த இரண்டு பாத்திகளுக்கும் குடும்பத்தின் நீரும் நேரமும் போதியனவாய் இருந்தனவா என்பதை ஆராய்தல் வேண்டும். கிணற்றுக் கயிற்றின் முடிச்சு சாட்சி சொல்லும். நீர் எஞ்சியிருப்பின் மறு ஆண்டில் மூன்றாம் பாத்தி அமைக்கலாம்; இல்லையேல் இரண்டுடன் நிற்பதிற் குறைவொன்றுமில்லை. ஒரு பரப்பில் தொடங்கிப் பங்குனியிற் கைவிடப்பட்ட தோட்டத்தினும், ஆண்டுதோறும் தவறாது காய்க்கும் இரண்டு பாத்திகளே குடும்பத்திற்குப் பெரிய தோட்டமாகும்.