வாடிய படிகம்

நம் உடலில் நிகழும் தொழில்கள் பலவற்றுக்கும் புரதங்களே துணை நிற்கின்றன. உணவைச் செரிக்கச் செய்யும் பெப்சின், குருதியில் உயிர்வளியைச் சுமந்து செல்லும் ஈமோகுளோபின், குருதியின் சர்க்கரையை அளவில் நிறுத்தும் இன்சுலின் ஆகிய யாவும் புரதங்களே. ஒரு புரதம் தன் தொழிலை எங்ஙனம் ஆற்றுகிறது என்று அறிய வேண்டுமாயின், அதன் அணுக்கள் எவ்வாறு அமைந்துள்ளன என்பதை முதலில் அறிதல் வேண்டும். அணுக்களோ மிக நுண்ணியவை. கண்ணுக்குப் புலனாகும் ஒளியைக் கொண்டு அவற்றைக் காண்டல் இயலாது. ஆதலின் அறிஞர்கள் எக்ஸ் கதிர்களைத் துணைக்கொள்கின்றனர்.

சர்க்கரைப் பாகிலிருந்து கற்கண்டு விளைவது போல, கரைசலிலிருந்து புரதத்தையும் படிகமாக விளைவிக்கலாம். படிகத்தினுள் மூலக்கூறுகள், அணிவகுத்து நிற்கும் படைவீரர்களைப் போல, வரிசை பிறழாது நிற்கும். அதன் மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தினால், அவை குறித்த சில திசைகளில் மட்டும் வலுவுற்று வெளிப்பட்டுப் புகைப்படத் தகட்டில் புள்ளிகளாகப் பதியும். இதனை விளிம்பு விளைவு என்பர். புள்ளிகளின் இடத்தையும் செறிவையும் கொண்டே அணுக்களின் இருப்பிடம் கணக்கிடப்படும். புள்ளிகள் மங்கினால் கணக்கும் மங்கும்.

1930ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் நார்த்ராப் பெப்சினைப் படிகமாக்கிக் காட்டினார். ஆயினும், புரதங்களுக்குத் திட்டமான உருவம் உண்டா என்னும் ஐயம் அறிஞர் பலரிடம் நீங்கவில்லை. பசை போன்ற குழம்பிய பொருள்களே அவை என்று கருதியோரும் இருந்தனர். அந்த ஐயத்தை நீக்க நல்லதோர் எக்ஸ் கதிர்ப் படம் வேண்டியிருந்தது.

அக்காலத்தில் சுவீடன் நாட்டு உப்சாலா நகரில் ஆராய்ந்து கொண்டிருந்த ஃபில்பாட் என்பவர், பெப்சின் கரைசலைக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு விடுமுறைக்குச் சென்றார். திரும்பி வந்து நோக்கியபோது, அதில் 2 மில்லிமீட்டர் வரை நீண்ட அழகிய படிகங்கள் விளைந்திருந்தன! அங்கு வந்த மில்லிகன் என்னும் அறிஞர், சில படிகங்களை அவை விளைந்த நீர்மத்தோடு குழாயிலிட்டுக் கேம்பிரிட்ஜுக்கு எடுத்துச் சென்று, பெர்னால் என்பவரிடம் அளித்தார்.

பெர்னால் ஒரு படிகத்தை நீர்மத்திலிருந்து வெளியே எடுத்துப் படம் பிடித்தார். தகட்டில் தெளிவற்ற கருமையன்றி வேறொன்றும் இல்லை. வேறொருவராயின், புரதத்தில் ஒழுங்கே இல்லை என்று முடிவு கட்டியிருக்கக்கூடும். பெர்னாலோ அவ்வாறு செய்யவில்லை. குறை படிகத்தின் இயல்பிலா, தாம் அதனைக் கையாண்ட முறையிலா என்று ஆராய்ந்தார். நுண்பெருக்கியில் நோக்கினார். நீர்மத்தினுள் பொலிவுடன் விளங்கிய படிகம், காற்றுப் பட்டவுடன் அப்பொலிவை இழந்தது. உண்மை புலனாயிற்று. புரதப் படிகத்தில் ஏறத்தாழப் பாதி நீர் உண்டு. அந்நீர் உலர்ந்தால், பந்தற்கால் பிடுங்கப்பட்ட பந்தலைப் போல உள்ளமைப்புச் சரிந்துவிடும்.

உடனே அவர் படிகத்தை நீர்மத்தோடு மெல்லிய கண்ணாடிக் குழலில் இட்டு, அதன் வாயை அடைத்து, மீண்டும் படம் எடுத்தார். தகடு நிறையப் புள்ளிகள் தோன்றின! அவரும் அவருடைய மாணவி டோரதி கிரௌஃபுட்டும் 1934ஆம் ஆண்டு மே மாதத்தில் இச்செய்தியை வெளியிட்டனர். புரதத்திற்கும் திட்டமான உருவம் உண்டு என்பது இவ்வாறு துணியப்பட்டது.

ஒரு குறை நீங்கினால் மற்றொன்று தோன்றுதல் ஆராய்ச்சியின் இயல்பு. செல்லினுள் புரதங்களை ஆக்கும் பட்டறையாகிய ரைபோசோமை இஸ்ரேல் நாட்டு அம்மையார் ஆடா யோனத் ஆராய்ந்தார். அதன் படிகங்கள் எக்ஸ் கதிர் பட்ட சிறிது நேரத்திலேயே சிதைந்தன. 1980களில் அவரும் துணைவரும் படிகத்தைச் சுழிக்குக் கீழே சுமார் 185 பாகை செல்சியசு வரை குளிர்வித்துக் காத்தனர். அதிலும் ஓர் இடர் உண்டு. படிகத்திலுள்ள நீர் பனிக்கட்டியானால் படிகம் பிளவுறும். படத்தில் வளையங்கள் தோன்றும். கிளிசரால் போன்ற பொருளைச் சேர்த்து நொடியில் குளிர்வித்தால், நீர் பனிக்கட்டியாகாது கண்ணாடி போல் உறையும். இவ்வாய்வின் பயனாக 2009ஆம் ஆண்டின் நோபெல் பரிசை யோனத், ஸ்டைட்ஸ், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் ஆகிய மூவரும் பெற்றனர்.

பழுதான படமும் தன் பழுதின் காரணத்தைத் தன்னிடத்தே கொண்டிருக்கும். வளையங்கள் தோன்றின் பனிக்கட்டியை ஐயுறலாம். புள்ளிகள் இரட்டித்தால் படிகம் பிளந்ததோ என நோக்கலாம். படத்திற்குப் படம் புள்ளிகள் மங்கிவரின் கதிரால் நேர்ந்த சிதைவை எண்ணலாம். பழுதைக் கண்டு சலித்து அப்படத்தை எறிந்துவிடுபவன் எதனையும் கற்பதில்லை.

மாணவி டோரதி 1935ஆம் ஆண்டிலேயே இன்சுலின் படிகத்தைப் படம் எடுத்தார். அதன் முழு அமைப்பைக் காண அவர் 1969 வரை, 34 ஆண்டுகள், உழைத்தார். அதற்கிடையே, 1964இல், வேதியியலுக்கான நோபெல் பரிசும் அவரை வந்தடைந்தது. தவறிய முயற்சியை வெறுக்காமல், "எங்கே பிழைத்தோம்?" என்று அதனையே வினவும் பண்பு நமக்கும் வாய்க்குமாயின், தோல்வியும் நமக்கு ஆசிரியராகும்.