18 வயதில் மாறும் மருத்துவர்

மாணவர்களே, 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் ஊசி போடப்பட்டது. நீரிழிவுக்காக இன்சுலின் பெற்ற முதல் நோயாளி என்று வரலாறு அவனைத்தான் குறிப்பிடுகிறது. அதற்கு முன், முதல் வகை நீரிழிவு வந்த பிள்ளைகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்குள் இறந்துபோனார்கள். குழந்தை மருத்துவரை விட்டுப் பெரியவர்களுக்கான மருத்துவரிடம் மாறும் வயதுவரை அவர்கள் வாழவில்லை. இன்று வாழ்கிறார்கள். அதனால்தான் இந்தப் பாடமே தேவைப்படுகிறது.

கெடாவில் சுங்கைப்பட்டாணி, அலோர்ஸ்டார், கூலிம் போன்ற ஊர்களில் பெரிய அரசு மருத்துவமனைகள் உள்ளன. தோட்டத்திலிருந்து அம்மாவோடு பேருந்திலோ அப்பாவின் மோட்டார் சைக்கிளிலோ குழந்தைகள் பிரிவுக்குப் போய்வரும் உங்களில் சிலருக்கு, ஏறக்குறைய 18 வயதில் பிரிவு மாறும். பல ஆண்டுகளாகத் தெரிந்த மருத்துவரும் தாதியும் அங்கே இருக்க மாட்டார்கள். பக்கத்தில் காத்திருப்பவர்களில் பலர் உங்கள் தாத்தா பாட்டி வயதுக்காரர்களாக இருப்பார்கள். “எத்தனை யூனிட் போடுகிறீர்கள்?” என்ற கேள்வி இனி அம்மாவிடம் கேட்கப்படாது.

இந்த மாற்றம் வரும் நேரம் உடலுக்கும் சிரமமான நேரம். பருவ வயதில் வளர்ச்சி ஹார்மோனும் பாலின ஹார்மோன்களும் பெருகுகின்றன. இவை இன்சுலினின் வேலையை மட்டுப்படுத்துவதால், அதே சோற்றுக்கு முன்பைவிட அதிக இன்சுலின் தேவைப்படும். இரத்தச் சர்க்கரை ஏறினாலே “திருட்டுத்தனமாக மிட்டாய் தின்றாயா?” என்று வீட்டில் திட்டு விழும். எல்லா நேரமும் அது நியாயமான திட்டு அல்ல! முன்யோசனைக்கும் திட்டமிடலுக்கும் உரிய மூளையின் முன்பகுதியோ 20 வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

எஸ்.பி.எம். முடிந்ததும் ஒருவர் கோலாலம்பூரில் விடுதி மாணவர்; இன்னொருவர் கூலிம் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் தொழிலாளி. சாப்பாட்டு நேரம், தூக்கம் எல்லாமே மாறிவிடும். மருத்துவமனைக்குப் போகும் தேதி தவறிப்போகும். அடுத்த தேதியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். இப்படித்தான் இந்த வயதில் பலர் சிகிச்சையிலிருந்து நழுவுகிறார்கள். இது நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. பல நாடுகளில் மருத்துவர்கள் கவலைப்படும் விஷயம்.

நழுவினால் என்ன ஆகும்? இன்சுலின் இல்லாதபோது உடல் சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பை எரிக்கும். அதில் உண்டாகும் கீட்டோன்கள் இரத்தத்தை அமிலமாக்கும். வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு வரும். சாதாரண வயிற்றுக் கோளாறு என்று நினைத்து வீட்டிலேயே படுத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. “சாப்பிடவில்லையே, ஊசி எதற்கு?” என்று இன்சுலினை முழுவதுமாக நிறுத்துவது மிகப் பெரிய தவறு. காய்ச்சல், வாந்தி வரும் நாள்களில் அளவை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள்.

படிவம் 3, 4-லேயே பழக ஆரம்பிக்கலாம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, ஐந்து நிமிடம் அம்மா வெளியே இருக்கட்டும், நீங்கள் மட்டும் பேசுங்கள். மருந்தின் பெயர், அளவு, கடைசி எச்பிஏ1சி எண் ஆகியவற்றை நீங்களே சொல்லுங்கள். சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்வதால், அந்த எண் கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுகிறது. இன்சுலின் பேனாவை மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் வைக்காதீர்கள்; வெயில் சூட்டில் மருந்து கெட்டுவிடும்.

நோய் இல்லாத நண்பர்களுக்கும் ஒரு வேலை உண்டு. நீரிழிவு உள்ள தோழன் வியர்த்து, நடுங்கி, உளறினால் மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவிழந்திருந்தால் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது; 999-ஐ அழையுங்கள்.

மலேசியச் சட்டப்படி 18 வயதானவர் பெரியவர். சிகிச்சைக்கான ஒப்புதல் தாளில் நீங்களே கையெழுத்திடுவீர்கள். ஊர் மாறுவதற்கு முன் பழைய மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குங்கள். புதிய மருத்துவமனையில் முதல் தேதி உறுதியான பிறகே பழைய கார்டைப் பெட்டியில் வையுங்கள். கடிதத்தைக் கைப்பேசியில் படமெடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். விடுதி மாறும்போது முதலில் காணாமல் போவது காகிதம்தான்.