ஸ்டெம் செல் தானம்: 'டி' செல்லைக் குறைப்பது ஏன்?

புதுச்சேரியில் உங்க வீட்டில் ஒருவருக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தேவையா? பக்கத்தில் வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் இது நடக்கிறது.

கூடப்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்புதான். பொருந்தினாலும், தானமாக வந்த 'டி' செல்கள் நோயாளியின் தோல், குடல், கல்லீரலைத் தாக்கலாம். அதனால் சிலருக்கு, தானம் பெற்ற செல்களில் இருந்து அவற்றை ஆய்வகத்தில் காந்தத் துகள்கள் மூலம் பிரித்துவிட்டு ஏற்றுவார்கள். சிலருக்கு மருந்தால் அடக்குவார்கள். 'டி' செல் அத்தனையையும் எடுத்தால் தொற்றும், ரத்தப் புற்றுநோய் திரும்பும் அபாயமும் கூடும்.

உங்களுக்கு எந்த முறை என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்க.

நீங்களும் தானம் தரலாம்: 18 முதல் 50 வயது வரை உள்ளவர்கள் சென்னை 'தாத்ரி' பதிவேட்டில் பதியலாம். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தடவிய மாதிரி போதும்.